சிறியதும் உரியதும்: ஷூமாக்கரின் பொருளியல் நோக்குப் பற்றிய ஒரு விமர்சனம்

ஈ. எவ். ஷூமாக்கர் எழுதிய ‘சிறியதே அழகு’ என்னும் நூல் 1973ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியாயிற்று. அவ்வாண்டின் பிற்பகுதியில் மூண்ட எண்ணெய் நெருக்கடி, இயற்கை வளங்கள் வற்றாதவை என்ற நம்பிக்கையின்மீது கட்டப்பட்ட மேனாட்டுப் பொருளாதாரத்தை உலுக்கியபோது, அதனை முன்கூட்டியே எச்சரித்த நூலாக இது கொள்ளப்பட்டது. பெருங் கம்பனிகள் வளர்க்கும் நுகர்வு வேட்கைக்கும் வங்கி மூலதனத்தின் ஆட்சிக்கும் மாற்றாக, மக்கள் தாமே கூடி அமைத்துக்கொள்ளும் பொருளாதார ஏற்பாடுகளைப் பற்றிப் பேசுவோர் இன்றும் இந்நூலை எடுத்துக்காட்டுவதுண்டு. எனினும் நூலைக் காட்டிலும் அதன் தலைப்பே பரவலாகப் படிக்கப்பட்டது எனின் அது மிகையாகாது. சிறியதாக இருத்தல் என்னும் பண்பு ஒரு பொருளாதார அமைப்பின் நன்மை தீமைகளுக்கு அளவுகோலாக முடியுமா என்ற வினா அத்தலைப்பின் கவர்ச்சியில் அமிழ்ந்துபோயிற்று. இலங்கையின், சிறப்பாக வட இலங்கையின், கூட்டுறவு அனுபவத்தை முன்வைத்து அவ்வினாவை எழுப்புமிடத்து நூலின் வலிமையும் வலுவின்மையும் ஒருங்கே புலனாகின்றன.

தமிழில் இத்தலைப்பைப் பெயர்ப்போர் ‘சிறுமை’ என்ற சொல்லைத் தவிர்ப்பது கவனிக்கத்தக்கது. தமிழ் வழக்கில் சிறுமை என்பது அளவை மாத்திரமன்றி இழிவையும் வறுமையையும் துன்பத்தையும் சுட்டும். சிறியோராக இருப்பது ஒருவர் விரும்பித் தெரிந்துகொண்ட நிலையாக எப்போதும் இருப்பதில்லை என்பதை மொழி அறிந்து வைத்திருக்கின்றது.

ஷூமாக்கர் 1911இல் ஜேர்மனியின் பொன் நகரிற் பிறந்தவர். 1950 முதல் 1970 வரை பிரித்தானிய தேசிய நிலக்கரிச் சபையின் பொருளியல் ஆலோசகராக விளங்கியவர். ஆகவே பெரு நிறுவனங்களின் இயல்பை வெளியில் நின்று கண்டித்தவரல்லர். அத்தகைய நிறுவனமொன்றின் உள்ளேயே இருபது ஆண்டுகள் இருந்தவர். நூலின் மிக வன்மையான பகுதி இவ்வனுபவத்திலிருந்து பிறந்ததே. நிலத்திலிருந்து தோண்டியெடுக்கப்படும் எண்ணெயும் நிலக்கரியும் மனிதன் படைக்காத மூலதனம். அம்மூலதனத்தைச் செலவிட்டுக்கொண்டே அதனை வருமானமென்று கணக்கெழுதுகின்றது நவீன பொருளாதாரம் என அவர் வாதிடுகின்றார். முதலைத் தின்றுகொண்டு இலாபம் வருகின்றது என மகிழும் வணிகனின் கதி யாதென்பதை ஒரு சில்லறைக் கடைக்காரரும் அறிவார். பொருளியலாளர் அதனை மறந்தமை எங்ஙனம் என்பதை விளக்கும் அப்பக்கங்கள் அரை நூற்றாண்டு கழிந்தும் மறுக்கப்படாதவை.

நுகர்வு பற்றிய அவரது கருத்து ‘பௌத்த பொருளியல்’ என்னும் அத்தியாயத்தில் இடம்பெறுகின்றது. 1955இல் பர்மிய அரசுக்கு ஆலோசனை கூறச் சென்ற காலத்து அனுபவம் அதன் பின்னணியாகும். மிகுதியாக நுகர்பவன் மிகுதியாக வாழ்கின்றான் என்னும் மேனாட்டு எண்ணத்துக்கு எதிராக, குறைந்த நுகர்வினால் நிறைந்த நலனைப் பெறுவதே அறிவுடைமை என அவர் நிறுவ முயல்கின்றார். தொழிலைச் செலவாகவும் ஓய்வைப் பயனாகவும் கொள்ளும் கணக்கு முறையையும் அவர் நிராகரிக்கின்றார். இவை ஏற்கத்தக்கவை. ஆனால் அதே அத்தியாயத்தில், பெண்கள் பெருந்தொகையாக அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்ய நேர்வதைப் பொருளாதாரத் தோல்வியின் அடையாளமாகவே அவர் காண்கின்றார். இலங்கையில் கிராமக் கடனையும் கிராமச் சேமிப்பையும் தோளிற் சுமப்போர் பெரும்பாலும் பெண்களே என்பதை அறிந்த வாசகருக்கு, ஷூமாக்கரின் ‘சமுதாயம்’ யாருடைய சமுதாயம் என்ற ஐயம் இவ்விடத்திலேயே தோன்றிவிடும்.

தொழிலின் பயன் பற்றிய அவ்வத்தியாயத்தின் வாதத்தில் ஷூமாக்கர் ஜே. சி. குமரப்பாவை மேற்கோள் காட்டுகின்றார். 1892இல் தஞ்சாவூரிற் பிறந்து, கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பொதுநிதியியல் பயின்று, பின்னர் காந்தியின் கிராமக் கைத்தொழில் இயக்கத்துக்குத் தம்மை ஒப்படைத்த இத்தமிழர், 1940களில் சிறையிலிருந்தபோது எழுதிய நூல் ‘நிரந்தரப் பொருளாதாரம்’ எனப்படுவது. ஷூமாக்கரின் நூலிலும் ‘சமாதானமும் நிரந்தரத்தன்மையும்’ என்றோர் அத்தியாயம் உண்டு. இருவரையும் ஒப்புநோக்குபவர் ஒரு முக்கிய வேறுபாட்டைக் காணத் தவறார். குமரப்பா பொருளாதார அமைப்புகளை அளவினால் வகுக்கவில்லை. ஆட்டைக் கொன்று தின்னும் புலி, தான் நடாத தோப்பிற் பழம் பறிக்கும் குரங்கு, தன் முயற்சியாற் கூடு கட்டும் பறவை, கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ, பயன் கருதாது குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை என ஐந்து நிலைகளை அவர் காட்டுகின்றார். எடுப்பவருக்கும் எடுக்கப்படும் மூலத்துக்குமிடையிலான உறவே அவரது அளவுகோல். குரங்கு சிறியது, ஆயினும் அது செய்வது கொள்ளை. இத்தெளிவு சீடரிடத்து மங்கிவிட்டது எனலாம்.

இலங்கைத் தமிழரிடையே பழக்கத்திலுள்ள சீட்டினை எடுத்துக்கொண்டால், இதனிலும் சிறிய, இதனிலும் நெருக்கமான நிதி ஏற்பாடு ஒன்றைக் காண்பதரிது. எழுதிய ஒப்பந்தமில்லை, ஈடில்லை, சீட்டுப் பிடிப்பவரின் சொல்லும் அயலவரின் முகமுமே பிணை. பத்துப் பேர் மாதந்தோறும் ஐயாயிரம் ரூபா வீதம் இடும் சீட்டொன்றைக் கொள்வோம். குலுக்கிப் பெயரெடுக்கும் முறையில் ஒவ்வொருவரும் ஒருமுறை ஐம்பதினாயிரம் ரூபாவைப் பெறுவர், எவருக்கும் இழப்பில்லை. ஏலச்சீட்டின் இயல்பு வேறு. மகளின் திருமணமோ மருத்துவச் செலவோ நெருக்க, முந்திப் பணம் வேண்டுபவர் எண்ணாயிரம் ரூபா கழிவுக்கு இசைந்து நாற்பத்தீராயிரத்தை எடுப்பார். கழிவு மற்றையோரிடையே பகிரப்படும். முடை மிகுந்தவரே மிகுந்த கழிவு கொடுப்பார். பொறுத்திருக்கக் கூடியவர் அதனாற் பயனடைவார். இவ்வாறு பத்து வீடுகளுக்குள் அடங்கிய மிகச் சிறிய அமைப்பினுள்ளும் இல்லாமை விலை கொடுக்கின்றது. ஆயினும் அவ்விலை அப்பத்துப் பேரிடையே சுழல்கின்றதேயன்றி வெளியே போவதில்லை என்பதும், இன்று கழிவு கொடுத்தவர் அடுத்த மாதம் கழிவிற் பங்கு பெறுவார் என்பதும் மறக்கத்தக்கனவல்ல. சீட்டின் நன்மை அதன் சிறிய வடிவத்திலிருந்தன்றி இச்சுழற்சியிலிருந்தே பிறக்கின்றது.

இச்சுழற்சியை நிலையான அமைப்பாக ஆக்கியவை சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள். ஜேர்மனியில் ரைபைசன் 1860களில் அமைத்த கிராமக் கடன் சங்கங்களே இவற்றின் முன்மாதிரி. சென்னை மாகாண அரசுக்காக 1890களில் பிரெடெரிக் நிக்கல்சன் தயாரித்த அறிக்கை அம்முன்மாதிரியைத் தென்னாசியாவுக்கு விதந்துரைத்தது; 1904இல் இந்தியாவிலும் 1911இல் இலங்கையிலும் கூட்டுறவுச் சங்கச் சட்டங்கள் இயற்றப்பட்டன. ரைபைசன் முறையின் உயிர்நாடி வரையறையற்ற பொறுப்பு என்னும் தத்துவமாகும். ஓர் அங்கத்தவரின் கடனுக்கு ஏனையோர் அனைவரும் தமது உடைமையாற் பிணை நிற்பர். ஆகவே எவருக்கு, எதற்கு, எவ்வளவு கொடுப்பதென்பதை அவர்களே கூடித் தீர்மானிப்பர். வட்டி சங்கத்துக்கே திரும்பி வரும். கொடுப்பவரும் கொள்பவரும் ஒருவரேயாதலின், தவணை தவறியவரை அழிப்பதனால் எவருக்கும் இலாபமில்லை.

இக்கூட்டுப்பிணையின் பிற்கால வரலாறே ஷூமாக்கரின் அளவுகோலைச் சோதனைக்குள்ளாக்குகின்றது. 1976இல் பங்களாதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் முகம்மது யூனுஸ் நாற்பத்திரண்டு பேருக்குத் தமது கையிலிருந்து ஏறத்தாழ இருபத்தேழு டொலர் பெறுமதியான பணத்தைக் கடனாகக் கொடுத்த நிகழ்ச்சி பலரும் அறிந்தது. 1983இல் கிராமின் வங்கி உருவாயிற்று. சிறு தொகை, சிறு குழு, கிராமத்துப் பெண்கள், வாராந்தத் தவணை என ‘சிறியதே அழகு’ வாசகர் விரும்பக்கூடிய இலக்கணங்கள் யாவும் அதன்கண் இருந்தன. அவ்வங்கியின் பங்குகளிற் பெரும்பகுதி கடன் பெறும் பெண்களுக்கே உரியனவாக இருந்தமையைப் பின்வந்தோர் கைவிட்டனர். வடிவத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டனர். 2010 ஓகஸ்ட் மாதத்தில் இந்தியாவின் பெரிய நுண்நிதி நிறுவனமொன்று பங்குச் சந்தையில் இறங்கிப் பெருந்தொகை திரட்டிற்று. இரண்டு மாதங்களுள், கடனாளிகளின் தற்கொலைகளைத் தொடர்ந்து, ஆந்திர அரசு நுண்கடன் அறவீட்டைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

2009இல் போர் முடிவுற்றபின் வடக்கு கிழக்கில் நிகழ்ந்ததும் இதுவே. பாதைகள் திறந்தன. வங்கிக் கிளைகளும் குத்தகைக் கொள்வனவு நிறுவனங்களும் நுண்கடன் கம்பனிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இடப்பெயர்வினால் வீடு, கால்நடை, படகு, தொழில் ஆகிய யாவற்றையும் இழந்து மீண்டு வந்தவர்களுக்கு வருமானத்துக்கு முன்னரே கடன் வந்து சேர்ந்தது. அதனோடு மோட்டார்ச் சைக்கிளும் தொலைக்காட்சிப் பெட்டியும் தவணைக்கு வந்தன. நுகர்வு வேட்கை என்று வெளியார் கடிந்துரைக்கும் இது, பல ஆண்டுகள் யாதுமின்றி வாழ்ந்தோர் ஏனையோரைப் போல் வாழ முயன்றதன் வெளிப்பாடு என்பதையும் விமர்சகர் மனங்கொள்ளல் வேண்டும். வெளிநாட்டுக் கடனும் மனித உரிமைகளும் தொடர்பான ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி 2018 செப்ரெம்பரில் இலங்கைக்கு வந்தபோது, சில நுண்கடன்களின் வட்டி ஆண்டுக்கு 220 சதவீதம் வரை எட்டியதாகக் குறிப்பிட்டார். அதே ஆண்டில் அரசாங்கம் வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலுள்ள பெண்களின் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களிற் சிலவற்றை நீக்க முன்வந்தது. 2021 மார்ச் மாதத்தில் ஹிங்குராக்கொடையில் நுண்கடனாற் பாதிக்கப்பட்ட பெண்கள் தொடர் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தனர். தமிழ்ப் பெண்களுக்கும் சிங்களப் பெண்களுக்கும் இவ்விடயத்தில் அனுபவ வேறுபாடு அதிகமில்லை.

வட்டி வீதத்தைக் காட்டிலும் ஆழமானது கூட்டுப்பிணைக்கு நேர்ந்த திரிபு. ரைபைசன் சங்கத்தில் அயலவர் பிணை நின்றபோது, கடன் கொடுக்கும் முடிவும் கடனைப் பொறுத்தருளும் அதிகாரமும் அவர் கையிலிருந்தன. கம்பனியின் குழுக்கடனில் அயலவருக்குப் பொறுப்பு மாத்திரமே உண்டு, அதிகாரம் இல்லை. ஒருத்தி தவணை தவறினால் அத்தொகை திரளும்வரை குழுவிலுள்ள ஏனைய பெண்களும் எழுந்து போக முடியாது. அவர்கள் தவறியவளின் வீட்டு வாசலில் நிற்கின்றனர். தம் கைப்பணத்தை இட்டு நிரப்புகின்றனர். பின்னர் அவளோடு பேசாதொழிகின்றனர். ஊரின் மானமும் வெட்கமும் உறவும், ஈடின்றிக் கொடுக்கப்பட்ட கடனுக்கு ஈடாகின்றன. சமுதாயத்தையே அறவிடும் உத்தியோகத்தராக ஆக்கி, அதற்குச் சம்பளமும் கொடாத ஏற்பாடு இது. தொகையோ குழுவோ சிறியதல்ல என்று எவரும் இதனைக் குறைகூற முடியாது. குமரப்பாவின் வகுப்பிலோ இது புலியின் பக்கத்திற் சேரும்.

ஷூமாக்கரின் பக்கத்து நியாயத்தையும் கூறல் வேண்டும். பெரு நிறுவனங்கள் பற்றிய அத்தியாயத்தில், கீழ்நிலை அமைப்பு செய்யக்கூடிய கருமத்தை மேல்நிலை அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது என்ற கத்தோலிக்க சமூக போதனையை அவர் எடுத்தாள்கின்றார் (அவர் 1971இல் அத்திருச்சபையிற் சேர்ந்தவர்). இலங்கைக் கூட்டுறவின் வரலாறு இதற்கு நல்ல சான்று. இரண்டாம் உலகப் போர்க்காலப் பங்கீட்டுக்கென 1942 முதல் ஊர்தோறும் முளைத்த கூட்டுறவுப் பண்டகசாலைகள் பின்னர் பலநோக்குச் சங்கங்களாயின. 1971இல் சுமார் 5,000 சங்கங்கள் ஒருங்கிணைக்கப்பட்டு 400க்கும் குறைவான பெருஞ் சங்கங்களாக்கப்பட்டபோது, ஊர்ச்சங்கம் என்பது கிளையாகிவிட்டது. அங்கத்தவர் ‘எங்கள் கடை’ என்று கூறிவந்தது ‘சங்கக் கடை’ எனப்படலாயிற்று. அரிசிக்கும் சீனிக்கும் வரிசையில் நிற்கும் இடம் என்பதற்கு மேல் பலருக்கு அதனோடு உறவில்லை. ஆனால் இதற்குப் பருமன் மட்டுமோ காரணம்? நிர்வாக சபைகளில் அரசினால் நியமிக்கப்பட்டோர் அமர்ந்தமையும், அரசியற் கட்சிக்காரருக்குத் தொழில் வழங்கும் இடமாகச் சங்கம் மாறியமையும் அங்கத்தவரின் உரிமையைப் பறித்தன. இதே வடபகுதியில் 1930களில் எழுந்த மலையாளப் புகையிலை விற்பனைச் சங்கம் கடல் கடந்து திருவிதாங்கூரோடு வாணிகம் நடத்தியது. மூளாயில் ஒரு வைத்தியசாலையே கூட்டுறவாக இயங்கியது. இவற்றை ‘சிறியது’ என்னும் சொல்லால் விளக்கவியலாது.

ஷூமாக்கர் போற்றும் கிராமத்தினுள்ளே யார் இருக்கின்றார், யார் வெளியே நிற்கின்றார் என்பது நூலில் கேட்கப்படாத வினா. கோயில்களுக்குள்ளும் தேநீர்க் கடைகளுக்குள்ளும் செல்வதற்கு 1960களின் பிற்பகுதியிற்கூடப் போராட வேண்டியிருந்த மக்களுக்கு, யாழ்ப்பாணத்துக் கிராமம் அழகிய சிறு சமுதாயமாகத் தோன்றியிருக்க நியாயமில்லை. அம்மக்களுள் ஒரு பிரிவினரான சீவல் தொழிலாளர், தவறணைகளை ஏலத்தில் எடுத்த குத்தகைக்காரருக்கு அவர் வைத்த விலைக்குக் கள்ளைக் கொடுத்து வந்தனர். 1970களின் தொடக்கத்தில் அக்குத்தகை முறை நீங்கித் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தவறணைகளைப் பொறுப்பேற்றபோது, மரமேறியவரே விற்பனைக்கும் உரியவரானார். பின்னர் இச்சங்கங்கள் பனை தென்னை வள அபிவிருத்திச் சங்கங்களாக விரிந்து போத்தற்கள்ளும் சாராயமும் உற்பத்தி செய்யும் நிலைக்கு வந்தன. கிராமம் என்னும் சமுதாயத்தினுள் கிடையாத ஒன்றை, தொழிலால் ஒன்றுபட்ட, ஊர் கடந்த ஒரு சமுதாயத்தில் அவர்கள் பெற்றனர். போரும் இடப்பெயர்வும் இச்சங்கங்களைக் குலைத்தன. சில மீண்டன, சில நலிந்தன. எனினும் வடக்கின் கூட்டுறவு வரலாற்றை எழுதுவோர் நன்கு அறியப்பட்ட பெரியார்களின் பெயர்களோடு நின்றுவிடாது இப்பகுதியையும் எழுத வேண்டும்.

நூலின் நான்காம் பகுதி ‘அமைப்பும் உடைமையும்’ பற்றியது. தலைப்பிற் சொக்கியோர் இப்பகுதியை எட்டுமுன்னரே நூலை மூடிவிட்டனர் போலும். ஏர்னஸ்ற் பேடர் என்பவர் தமது செயற்கைப் பிசின் உற்பத்திக் கம்பனியை 1951இல் அதன் தொழிலாளரின் பொதுநலவாயம் ஒன்றுக்குக் கையளித்த வரலாற்றை ஷூமாக்கர் அங்கு விரிவாகக் கூறுகின்றார். முதலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குகளும், 1963இல் எஞ்சிய பத்தும் கைமாறின. உரிமை கைமாறிய பின்னர் தொழிலாளரும் பேடரும் கூடித் தமக்குச் சில கட்டுப்பாடுகளை விதித்துக்கொண்டனர்: அதிகூடிய சம்பளம் அதிகுறைந்த சம்பளத்தின் ஏழு மடங்கைத் தாண்டலாகாது, போருக்குப் பயன்படும் பொருள்களை விற்கலாகாது, பகிர்ந்தளிக்கும் இலாபத்தில் ஊக்கக் கொடுப்பனவுக்கு ஒதுக்கும் அளவை அறச்செயல்களுக்கும் ஒதுக்க வேண்டும். நிறுவனம் ஏறத்தாழ 350 பேருக்கு மேற்படாதிருக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. அளவு பற்றிய விதி உடைமையாளர் பின்னர் தாமே தெரிந்துகொண்ட விதிகளுள் ஒன்றாக வருகின்றதேயன்றி, முதற் காரணமாக வரவில்லை. இவ்வரிசையை ஷூமாக்கர் எழுதியிருக்கின்றார். அதன் பொருளை நூலின் முற்பகுதிகளுக்குக் கொண்டுசென்று அவற்றைத் திருத்திக்கொள்ளவில்லை.

அதன் பின்னைய செய்தி இலங்கையிலிருந்து நோக்குவோருக்கு மேலும் பயன்படக்கூடியது. அக்கம்பனி இன்று பல நாடுகளில் இயங்குகின்றது. 350 என்ற எல்லை எப்போதோ கடந்துபோயிற்று. ஆயினும் அது பொதுநலவாயத்தின் உடைமையாகவே இருந்துவருகின்றது. மறுபுறம், 1978இல் கேகாலை மாவட்டத்தின் வல்கமவிலிருந்து கிரிவந்தெனியவினால் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்ட இலங்கையின் சிக்கன கடனுதவிச் சங்க இயக்கம், கிராமத்துச் சேமிப்பைத் திரட்டி 1997இல் தனக்கென அபிவிருத்தி வங்கியொன்றை நிறுவிற்று. 2012இல் அவ்வங்கியின் பங்குகள் கொழும்புப் பங்குச் சந்தையிற் பட்டியலிடப்பட்டன. அன்று முதல் வல்கமவைக் கேள்வியும்படாத எவரும் அவற்றை வாங்கலாம், விற்கலாம்.